தெகிவளையில் நெல் விளையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் தற்சார்பு வாழ்க்கை பற்றி வந்த கட்டுரையையும், மறுவாரம் அதற்குப் பதிலாக வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். மொட்டைமாடியில் காய்கறி, கொல்லையில் நாலு கோழி, கூரையில் சோலார், இவ்வளவும் இருந்தால் கொழும்புப் புறநகரில் இருப்பவர் அடுத்த நெருக்கடியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்கிறார் கட்டுரையாளர். கொழும்பு மாவட்டமே உருப்படாது, வன்னியில் ரெண்டு ஏக்கர் வாங்கிக்கொண்டு போய்ச் சேருங்கள் என்கிறார் கடிதம் எழுதியவர். இரண்டு பேரும் எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு, சீனி, வெங்காயம் விற்கும் மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதி இளைப்பாறியவன். இப்போது தெகிவளையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஏழு பேர்ச்சஸ், அதாவது 1,900 சதுர அடி அளவுக் காணியில் இருக்கிறேன். அளக்காத பேச்சைக் கேட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

அரிசியிலேயே தொடங்குகிறேன். கொழும்பு மாவட்டத்தின் பரப்பு 699 சதுர கிலோமீட்டர். சனத்தொகை 23 இலட்சத்துக்கு மேல். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்று போட்டு மாவட்டம் முழுவதையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால், தலைக்குப் பதினொன்றரைப் பேர்ச்சஸ் அளவில் வரும். துறைமுகம், இரத்மலானை விமான நிலையம், தியவன்னா ஓயா, காலி வீதி எல்லாம் அந்தப் பங்குக்குள் அடக்கம். இனி, நம் நாட்டு வயலில் ஹெக்டேயருக்கு நாலரைத் தொன் நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேர்ச்சஸுக்குப் பதினொரு கிலோ நெல், குத்தினால் ஏழு கிலோ சொச்சம் அரிசி. ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 110 கிலோ அளவில் அரிசி வேண்டும். என் வீட்டையும் மதிலையும் இடித்து, ஏழு பேர்ச்சஸையும் வயலாக்கி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கட்டினாலும் ஒரு போகத்தில் கிடைப்பது ஐம்பது கிலோ. நானும் மனைவியும் சாப்பிட்டால் மூன்று மாதம்கூடத் தாங்காது. அதற்குள் நாங்கள் எங்கே படுப்பது என்பது வேறு கேள்வி.

ஆகவே நாங்கள் வாங்கித்தான் சாப்பிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டணம் என்றால் அதுதான். கேட்க வேண்டியது, வாங்க முடியாமல் போகும் நாட்களை எந்த வீடு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை. கடையில் வருடக் கடைசியில் இருப்பு எடுப்பதுபோல் ஒவ்வொரு வீடும் இதை எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் முதலில் தீர்ந்துபோவது சோறல்ல, தண்ணீர்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடு முழுக்க மின்சாரம் போனது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள தொடர்மாடியில் மத்தியானத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் அங்கே நிலத்தடித் தொட்டிக்குத்தான் வரும். அங்கிருந்து மோட்டார் அடித்து மேல்தாங்கிக்கு ஏற்ற வேண்டும். மேல்தாங்கியில் இருந்ததை எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் திறந்து பிடித்தார்கள், முடிந்தது. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அதில் இருந்த டீசல் லிஃப்டுக்குத்தான் போதும் என்று காவலாளி சொன்னார். நாலாம் மாடியிலிருந்து ஒரு பிள்ளை வாளியோடு இறங்கி வந்து, "அங்கிள், உங்கட கிணத்தில ரெண்டு வாளி அள்ளட்டா?" என்று கேட்டது.

எங்கள் வளவில் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த காலத்தில் பலகை போட்டு மூடியது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மூடியைப் புதிதாகச் செய்து, கப்பியும் கயிறும் போட்டேன். மோட்டாரும் பூட்டலாம், ஆனால் கப்பிக்கு மின்சாரம் வேண்டாம் அல்லவா! இதைப் படித்துவிட்டு யாரும் உடனே கிணறு வெட்டப் புறப்பட வேண்டாம். நகர எல்லைக்குள் வீட்டுக்காணி ஆறு பேர்ச்சஸ் வரை துண்டாடப்படுகிறது. அது 1,600 சதுர அடி சொச்சம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்தக் காணியில் உங்கள் மலக்குழியைத் தள்ளி வைத்தாலும், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் மதிலோரத்தில் நிற்கும். அதனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கழுவவும் குளிக்கவும் கழிவறைக்கும் மட்டும்தான் எடுக்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மலக்குழியிலிருந்து ஊறி வரும் நைத்திரேற்று கொதித்தாலும் போகாது. நைத்திரேற்று கைக்குழந்தைக்குக் கேடு, குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது முக்கியமான செய்தி.

குடிக்க மழை இருக்கிறது. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லீட்டர். 800 சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு ஒன்றேமுக்கால் இலட்சம் லீட்டர் விழுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 95 லீட்டர்! இவ்வளவையும் பீலி போட்டு வீதிக் கானுக்குள் விட்டுவிட்டு, குழாயில் வரவில்லை என்று தண்ணீர் பவுசருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். மழை பங்கு போட்டுப் பெய்யாது என்பது உண்மைதான், ஜனவரி பெப்ரவரியில் வானம் கையை விரித்துவிடும். அதே மாதங்களில்தான் களனி கங்கையிலும் நீர் வற்றி, கடல் உப்பு ஆற்றில் மேலேறி அம்பத்தளைப் பக்கம் வரும். கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் எடுக்கப்படுவது. உப்பைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கிய காலமும் இருந்தது. எனவே டிசம்பர் கடைசியில் ஒரு ஆயிரம் லீட்டர்த் தாங்கி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஐந்து பேர் ஆளுக்கு இருபது லீட்டராகச் செலவழித்தால் பத்து நாள் ஓடும். முதல் மழையைத் தாங்கிக்குள் விடக்கூடாது, அதில் காகத்தின் எச்சமும் வாகனப் புகைக்கரியும் வரும். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் கட்ட வேண்டும். 2017இல் டெங்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து, நானூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வலை கட்டாத பீப்பாயோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அகப்பட்டால் தற்சார்பு வழக்கில் போய் முடியும்.

அடுத்தது அடுப்பு. 2022ஐப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. காஸ் இல்லாத நேரத்தில் மின்அடுப்பும் இல்லை. மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவாக இருந்தது, ஓகஸ்டில் 340 ஆனது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மொட்டைமாடியில் மூன்று கல் வைத்து, பழைய அலுமாரியை உடைத்துச் சோறாக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு வகை எரிபொருளில் சமைக்க வழி இல்லாத வீடு, கூரையில் எத்தனை மிளகாய்ச் செடி இருந்தாலும் ஆயத்தமான வீடு அல்ல. அறைக்குள் விறகு எரிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், சன்னலைச் சாத்திவிட்டுக் கரி மூட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோலார் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் ஒரு முக்கிய விடயம் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலான கூரைகளில் இருப்பது பொது மின்சார வலையமைப்போடு இணைந்த சோலார். பற்றரி இல்லாவிட்டால், வீதியில் மின்சாரம் போன கணமே அதுவும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மின்சாரம் தாக்கிச் சாகக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே வெயில் கொளுத்த, கீழே விசிறி சுற்றாது. அதற்குமேல், 2025 சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் மின்பாவனை குறைவு என்று, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பில்லைக் குறைக்கச் சோலார் நல்லது. இருட்டுக்கு வேண்டுமானால் சிறிய பற்றரியும், ரெண்டு எல்இடி விளக்கும், இன்சுலின் வைக்கும் வீட்டுக்கு அந்தக் குளிர்சாதனப் பெட்டி ஓடும் அளவு ஓர் இன்வேர்ட்டரும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, தோட்டம். நான் தோட்டத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, போய்ப் பயிர் செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த வெள்ளிக்கிழமைகளில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொத்தினால் வந்தது மண்ணல்ல, உடைந்த ஓடும் சீமெந்துக் கட்டியும். புறநகர்க் காணிகளில் பாதி, யாரோ பழைய வீட்டை இடித்து நிரவியவைதான். ஆகவே பை, பழைய பெயின்ட் வாளி, சமையற்கழிவில் செய்த கூட்டெரு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, அந்த ஆண்டுக்குள்ளேயே பின்வாங்கியதைப் பார்த்தவர்களுக்குக் கூட்டெருவின் அருமை தெரியும்.

எதை நடுவது என்பதில்தான் அறிவு வேண்டும். தக்காளியும் கறிமிளகாயும் படத்துக்கு அழகு. கொழும்பின் புழுக்கத்தில் தக்காளி வாடும், தப்பிப் பழுத்தால் அணிலுக்கு முதலில் செய்தி போய்விடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, கடையில் பருப்பும் சீனியும் எப்படியோ வந்து சேர்ந்தன. லொறி ஓடாமல் உடனே இல்லாமல் போனது பச்சைக் கீரை. இங்கே தோட்டம் ஈடுகட்டக்கூடியது அதைத்தான். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, முருங்கை. இவற்றுக்குப் பெரிய பராமரிப்பு இல்லை, பைக்குள்ளும் வரும், முருங்கைக்கு மட்டும் நிலம் வேண்டும். கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய். மதிலோரம் நாலு மரவள்ளித் தடி. எழுபதுகளில் பாண் வரிசையில் நின்ற தலைமுறைக்கு மரவள்ளியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, நன்றாக அவித்து நீரை வடித்துவிடுங்கள் என்பதைத் தவிர. இடம் உள்ளவருக்கு ஈரப்பலா ஒன்று போதும், காய்க்கும் காலத்தில் ஒழுங்கைக்கே பசியாற்றும். ஏழு பேர்ச்சஸில் அதை வைத்தால் வேர் அயலவரின் மலக்குழியைத் தேடிப் போகும், பிறகு உறவு கெடும். கங்குன் கீரை கால்வாய் ஓரத்தில் தானாகவே தளதளவென்று வளர்ந்திருக்கும். அது எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று எட்டிப் பார்த்தவர் பறிக்க மாட்டார்.

கோழிக்கு வருகிறேன். முட்டை நம்முடையது, தீனி யாருடையது? சோளமும் சோயாவும் கலந்த தீனிதான் கோழியை முட்டையிட வைக்கிறது. 2022இல் தீனி தட்டுப்பட்டு முட்டை விலை ஏறியது, அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்கள். சமையற்கழிவில் மட்டும் வளரும் கோழி நல்ல துணை, வருமானமல்ல. பெருச்சாளியும் கூடவே வரும்.

மொத்தக் கடையில் இருந்தவனாக இன்னொன்று. நாலாம் குறுக்குத் தெருக் கடைகளில் மாதக்கணக்கில் சரக்கு அடுக்கியிருக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். அங்கே சரக்கு தங்குவதில்லை, ஓடுகிறது. பெரிய வெங்காயம் இந்தியாவிலிருந்து வருகிறது, 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தவுடன் இங்கே விலை எகிறியது. 2022இல் டொலர் இல்லாமல் உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. மரக்கறிக்கும் மீனுக்கும் மொத்தச் சந்தை இரண்டும் இப்போது பேலியகொடையில், களனி கங்கைக்குப் பக்கத்தில். எரிபொருள் களஞ்சியம் கொலன்னாவையில், குடிநீர் அம்பத்தளையில். கொழும்பின் வயிறும் தொண்டையும் ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன. வீட்டில் இரண்டு வாரத்துக்கு அரிசி வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஐந்து பேருக்கு 21 கிலோ. இந்த ஈரக்காற்றில் சிவப்புப் பச்சையரிசி சீக்கிரம் சிக்கடிக்கும், புழுங்கலரிசி நாள் தாங்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பழையதைச் சமைத்துப் புதியதை அடியில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்குவது வண்டுக்குப் படையல், அயலவருக்குத் தட்டுப்பாடு.

ஆற்றைச் சொன்னபிறகு வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை மக்களுக்கு 2016 மே மாதமும் நினைவிருக்கிறது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் நினைவிருக்கிறது. அங்கே பூச்செடி வாளிகளுக்குச் செலவழிக்க முன், மேல்மாடி இல்லாத வீட்டார் எங்கே ஏறுவது என்று தீர்மானிக்க வேண்டும். களனி கங்கை திடீரென்று பாயும் ஆறல்ல, கீழ்ப்பகுதியில் மெதுவாகவே ஏறும். மலையில் பெய்த மழை ஆற்றின் மேற்பக்கம் ஹங்வெல்லையில் தெரிந்து, பிறகுதான் கொழும்பில் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் தெரியும். நாகலகம் வீதியில் ஐந்தடி தாண்டினால் சிறு வெள்ளம். இந்த எண்களைப் பார்க்கத் தெரிந்த வீட்டாருக்குப் பாய் சுருட்டவும் பிரிட்ஜைத் தூக்கவும் நேரம் கிடைக்கும். 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்று ராம்சார் எனும் உலக ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் அந்தச் சதுப்புகளை நிரவி வீடு கட்டிவிட்டு, அங்கீகாரத்தைச் சுவரில் மாட்டி என்ன பயன்?

நம்மவர்களுக்கு ஒன்று ஏற்கனவே பழக்கம். 83 ஜூலைக் கலவரத்தைக் கண்ட கொழும்புத் தமிழ் வீடுகளில் ஒரு பை எப்போதும் அலுமாரி அடித்தட்டில் இருக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், கொஞ்சம் காசு, ஒரு மாற்றுடை. இளையவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தேவைப்படுவதும் அதே பைதான், ஒரு பொலித்தீன் உறையும் மாத்திரைச் சீட்டும் கூடுதலாக. சில்லறை நோட்டாகக் காசு வையுங்கள், மின்சாரம் போனால் காட் மெஷினும் போகும்.

வன்னிக்குப் போங்கள் என்ற வாசகருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெண்டு ஏக்கர் வாங்கலாம். அதில் உழைக்க வயதும், யானை வேலியும், கோடையில் வற்றாத கிணறும் வேண்டும். அவ்வளவு தூரம் போகாமல், இதே மாவட்டத்தில் களனிவெளி ரயிலில் ஏறி நுகேகொடை, ஹோமாகமை தாண்டிப் பாதுக்கைப் பக்கம் போய்ப் பாருங்கள். வளவு அகலும், இறப்பர் மரம் தெரியும், வயலும் வரும். மாவட்டம் முழுவதையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வேலையும் காலி வீதியில் இருக்கும்வரை பெரும்பாலோர் இங்கேதான் இருப்பார்கள்.

அதனால் என் கோரிக்கை வீடுகளிடம் மட்டுமல்ல. மாவட்டத்தில் 13 பிரதேச செயலகங்கள் உள்ளன. அவற்றின்கீழ் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் ஒரே ஒரு தாள் வேண்டும். 2016இலும் 2025இலும் தண்ணீர் எந்த மதில் வரை வந்தது, திறந்த கிணறு எந்த வளவில் உள்ளது, அதன் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, லிஃப்ட் இல்லாமல் இறங்க முடியாத முதியவர் எந்த மாடியில், ஏறிப் பாதுகாப்பாக இருக்கக்கூடிய பாடசாலையோ கோயிலோ பள்ளிவாசலோ எது. வீதி முனையில் ஒட்டினால் போதும். அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, 117 என்ற அவசரத் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் என் ஒழுங்கையில் கிணறு யாரிடம் என்பது 117க்குத் தெரியாது. அந்தத் தாள் இரண்டு மொழியிலும் ஒரே நாளில் வர வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல். கடந்த வெள்ளத்தில் எங்கள் பக்கம் வந்த ஒலிபெருக்கி சிங்களத்தில் மட்டும் பேசிவிட்டுப் போனது, கீழ்வீட்டுப் பாட்டிக்கு அதை முன்வீட்டுச் சிங்களத் தம்பிதான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

தங்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் ஹங்வெல்லை, நாகலகம் வீதி நீர்மட்டங்களைத் தினமும் தமிழில் போடுங்கள். இராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி போதும்.

இங்ஙனம்,
இளைப்பாறிய கணக்குப்பிள்ளை,
தெகிவளை.